9,310 வரவேண்டும்

கணக்கு எளியது. குறள் 1,330. ஒவ்வொன்றிலும் முதலடிக்கு நான்கு சீர், அடுத்த அடிக்கு மூன்று, ஆக ஏழு. 1,330-ஐ ஏழால் பெருக்கினால் 9,310. இதைச் சொல்ல மடிக்கணினி வேண்டியதில்லை, எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். ஆனால் ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, குறளின் சொற்களை எண்ணித் தரச் சொன்னபோது என் மடிக்கணினி இருபதாயிரத்துக்கு மேல் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதை 9,310-க்கு இறக்கிக் கொண்டுவர எனக்கு ஏழு வாரம் பிடித்தது. எங்கெங்கே இடறினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு பகுதிநேர ஆய்வில் சேரும் தமிழாசிரியர் யாருக்காவது ஒரு வாரமேனும் மிச்சமாகட்டும்.

நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர். பள்ளியில் ‘தமிழய்யா’ என்றால் நான்தான். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஆய்வேட்டில் கை வைக்கும் முன் ‘கோர்ஸ் ஒர்க்’ முடித்தாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறையிலிருந்து இது கட்டாயம். 2022 விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைத் தாளும் அதற்குள் அடக்கம். அந்தத் தாள் எனக்குச் சிரமம் தரவில்லை. அடுத்தவர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுக்காதே என்பதைத்தான் பல பக்கங்களில் விரித்திருந்தார்கள். என்னை வாட்டியது கணினித் தமிழ்த் தாள். ஓர் இலக்கியப் பனுவலை எடுத்துக்கொண்டு, மென்பொருள் துணையோடு சொல்லடைவும் (ஒவ்வொரு சொல்லும் வருகிற இடங்களின் பட்டியல்) சொற்களின் நிகழ்வெண் பட்டியலும் தயாரித்து, செய்த முறையை 25 பக்கத்தில் விளக்க வேண்டும். முழுவதும் ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும், வேறு எழுத்துருவில் தந்தால் வாங்கமாட்டார்கள்.

குறளைத் தேர்ந்தெடுத்ததற்குச் சோம்பல்தான் காரணம். சின்ன நூல், தெரிந்த நூல், இணையத்தில் எங்கும் கிடைக்கிற நூல். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது முதல் எண் பெற்ற மின்னூலே திருக்குறள்தான். ஆகவே தட்டச்சு செய்கிற வேலை இல்லை, எடுத்துப் போட்டால் மென்பொருள் எண்ணித் தந்துவிடும் என்று நினைத்தேன்.

கையில் இருந்த கருவி, மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அவள் பொறியியல் முடித்து வேலைக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொண்டாள். இது பீரோவின் மேல் கிடந்தது. விண்டோஸ் 7. திறந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அதற்குள் எழுந்திருக்கும்.

முதல் வாரம் குறளைத் தொடவே இல்லை. முன்னுரை எழுதலாம் என்று, 2006-இல் முடித்த எம்.பில். ஆய்வேட்டின் குறுவட்டைத் தேடி எடுத்தேன். அப்போது நான் ஒரு வரியும் தட்டச்சு செய்யவில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பேன், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டி.டி.பி. கடையில் என் பழைய மாணவன் அடித்துத் தருவான், மூன்று முறை மெய்ப்புத் திருத்துவேன், அவ்வளவுதான். இப்போது குறுவட்டைப் போட்டுத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ‘தமிழ்’ என்ற சொல் நிற்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி நின்றன. கடைக்காரத் தம்பியைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“ஐயா, அது பாமினி. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அதனால்தான்.”

“அப்படியென்றால் இது தமிழே இல்லையா?”

“உள்ளே ஆங்கிலம்தான் ஐயா. மேலே தமிழ்ச் சட்டை.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு எழுத்துருக் குறியேற்றத்தை விளக்கியதில்லை. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் சட்டை கழன்றுவிடும். ஒருங்குறியில் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு, எந்த எழுத்துருவில் பார்த்தாலும் ‘த’ ‘த’தான். தம்பி மாற்றி நிரல் ஒன்றை அனுப்பினான். ஆய்வேடு பத்து நிமிடத்தில் ஒருங்குறிக்கு வந்தது. வந்ததில் ஒரு நோயும் கூடவே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தட்டச்சுக்கு இ-கலப்பை என்ற மென்பொருளை நிறுவிக்கொண்டு தமிழ்99 விசைப்பலகையைப் பழகினேன். ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்று அடித்தால் தமிழில் வருகிற முறையில் அடிக்கலாமே என்று மகள் சொன்னாள். தமிழாசிரியன் தமிழை ஆங்கிலத்தில் யோசித்து அடிப்பதா என்று வீம்பு. வீம்பு நல்லதாகவே முடிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த இணையத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்குப் பெரும்பாலும் மெய். இலக்கணம் தெரிந்தவர்கள் செய்தது என்று முதல் நாளே தெரிந்துவிடும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசை போதும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த என்று இனவெழுத்து வந்தாலும் அப்படியே. மெல்லினத்துக்கு இன வல்லினம் எது என்று ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்துகிறவனுக்கு இந்த விசைப்பலகையைக் கற்க வேண்டியதே இல்லை, நினைவுபடுத்திக்கொண்டால் போதும். பத்து நாளில் விசைகளைப் பார்க்காமல் அடித்தேன். இந்த ஏழு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சுலபமான வெற்றி இதுதான்.

வெற்றிக் களிப்பில் நோட்பேடில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து முன்னுரை அடித்துச் சேமித்தேன். சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கைப் பெட்டி ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், ‘ஓகே’யை அழுத்திவிட்டு எழுந்தேன். மறுநாள் திறந்தால் முன்னுரை முழுவதும் கேள்விக்குறிகள். அடித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி, சொல் இடைவெளிகள் மட்டும் பத்திரமாக இருந்தன. விண்டோஸ் 7 நோட்பேட், நாம் வேறு சொல்லாவிட்டால், ‘ஏ.என்.எஸ்.ஐ.’ என்ற பழைய குறியேற்றத்தில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. சேமிக்கிற பெட்டியின் அடியில் ‘யு.டி.எஃப்-8’ என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எச்சரிக்கைப் பெட்டி அதைத்தான் சொல்லியிருக்கிறது. வினாத்தாளின் குறிப்பைப் படிக்காமல் விடையெழுதுகிற மாணவர்களை இருபது ஆண்டுகளாகத் திட்டி வருகிறேன்.

இனிக் குறள். இணையத்தில் ஓரிடத்திலிருந்து 1,330 குறளையும் நகலெடுத்தேன். எந்த இடம் என்பது வேண்டாம், அவர்கள் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரத் தலைப்புகளையும் எண்களையும் நீக்கி, யு.டி.எஃப்-8-இல் சேமித்தேன். எண்ணுவதற்கு ஆண்ட்கான்க் என்ற மென்பொருளை எங்கள் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் டீச்சர் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஜப்பானில் வசேடா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கி இலவசமாகத் தருவது. எந்தப் பனுவலைக் கொடுத்தாலும் சொற்பட்டியல் போடும், ஒரு சொல் வருகிற இடங்களை எல்லாம் முன்பின் சூழலோடு வரிசையாகக் காட்டும். சொல்லடைவு என்று நாம் சொல்வதைத்தான் அது நொடியில் செய்கிறது. என் எம்.பில். நெறியாளர் இந்த வேலையை அட்டைகளில் செய்தவர். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, செருப்புப் பெட்டிகளில் அகரவரிசை. அவருடைய வீட்டுத் திண்ணையில் காற்றடித்தால் மாணவர்கள் ஓடி ஓடிப் பொறுக்குவோம்.

பட்டியல் வந்தது. முதலிடத்தில் ‘த’. அடுத்து ‘க’, ‘ம’, ‘ல’. சொற்கள் எங்கே? மொத்தம் இருபதாயிரத்துச் சொச்சம். குறளுக்குப் பதிலாக அரிச்சுவடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று திரும்பத் திறந்து பார்த்தேன். குறள்தான்.

9,310 என்று எனக்கு முன்பே தெரிந்திராவிட்டால் இந்த எண்ணை அப்படியே ஒப்படைப்பில் எழுதியிருப்பேன், பெரிய எண் என்று பெருமையும் பட்டிருப்பேன். விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுத்துக் கருவியைச் சோதிப்பது என்ற வழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது, தற்செயலாக.

ஒரு மாலை முழுவதும் பட்டியலை வெறித்துப் பார்த்தேன். ‘அகர’ சரியாக இருக்கிறது. ‘பகவன்’ புள்ளியை இழந்து ‘பகவன’ ஆகியிருக்கிறது. ‘எழுத்தெல்லாம்’ என்ற ஒரே சீர், ‘எழ’, ‘த’, ‘த’, ‘ல’, ‘ல’, ‘ம’ என்று ஆறு துண்டாகக் கிடக்கிறது. தாளில் எழுதி அடுக்கிப் பார்த்தபோது பிடிபட்டது. புள்ளியோ, காலோ, கொம்போ, சுழியோ வருகிற இடத்தில் எல்லாம் சொல் வெட்டுப்பட்டிருக்கிறது. அகரம் ஏறிய உயிர்மெய்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காரணம் மென்பொருளில் இல்லை. அதற்குள் ‘எதைச் சொல் என்று கொள்ளட்டும்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ‘எழுத்து’ என்ற வகையை மட்டும் நான் விட்டுவைத்திருந்தேன். ஒருங்குறியில் க, ச, ட முதலியவைதாம் எழுத்து வகை. புள்ளியும் துணைக்குறிகளும் ‘குறி’ என்ற இன்னொரு வகை. அந்த வகையையும் சேர்த்துக்கொள் என்று இரண்டு கட்டங்களில் டிக் போட வேண்டும். அமைப்புகள் பட்டியலில் சொல் வரையறைப் பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு வெளியே குறி கிடையாது என்பதால், அவர்களுக்கு அந்தக் கட்டம் கண்ணில் படவே தேவையில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பின்னால் நேர்ந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். தொல்காப்பியர் கணக்கில் மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்பது. க் என்பது அடிப்படை. அதன்மேல் அ ஏறினால் க. ஒருங்குறியின் கணக்கு தலைகீழ். அங்கே க அடிப்படை, அதற்குள் அகரம் முன்பே குடியிருக்கிறது. புள்ளி வைத்தால் அகரம் வெளியேறி க் ஆகும். நாம் கூட்டுகிறோம், அது கழிக்கிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் வார்த்ததால் வந்தது இது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். டேஸ்-16 என்ற அப்படிப்பட்ட குறியேற்றத்தையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. ஆனாலும் உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது. போகட்டும். கருவியோடு மல்லுக்கட்டும்போது ‘இது கழித்தல் கணக்கு’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

உதாரணம் ஒன்று. அறம், அறன், அறத்தான் எல்லாவற்றையும் ஒருசேரத் தேட, ‘அற’ என்று அடித்துப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டேன். அறம் வந்தது. கூடவே அறிவு, அறியார், அறுக்கும் என்று ஒரு திருவிழாக் கூட்டமே வந்தது. என் கண்ணுக்கு ‘அறிவு’ என்ற சொல் ‘அற’ என்று தொடங்கவில்லை, ‘அறி’ என்று தொடங்குகிறது. கருவிக்கு முதலில் அ, பிறகு ற, பிறகு ஒரு சுழி. அதாவது ‘அற’ என்றே தொடங்குகிறது. திட்டிப் பயனில்லை. அறம், அறன், அறத் என்று தனித்தனியாகத் தேடிக்கொண்டேன்.

டிக் போட்டபின் எண் 9,326. பதினாறு கூடுதல். இவ்வளவு நெருங்கிவிட்டதே, போதும் என்று ஒரு நாள் விட்டுவிட்டேன். மறுநாள் மனம் கேட்கவில்லை. லிபர் ஆபீஸ் கால்க் என்ற விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு குறள் என்று ஒட்டி, பக்கத்து நெடுவரிசையில் ஒவ்வொரு வரியிலும் எத்தனை சொல் என்று கணக்கிடச் செய்தேன். வழி இதுதான்: வரியின் நீளத்தை எடுத்துக்கொள். இடைவெளிகளை நீக்கிய பின் உள்ள நீளத்தை அதிலிருந்து கழி. ஒன்று கூட்டு. ஆறு இடைவெளி இருந்தால் ஏழு சீர். வாய்பாட்டை டீச்சர் எழுதிக் கொடுத்தார், 1,330 வரிக்கும் இழுத்துவிட்டது நான். ஏழு அல்லாத வரிகளை மட்டும் வடிகட்டினால் இருபது வந்தன. பதினெட்டில் எட்டுச் சீர், இரண்டில் ஆறு. பதினெட்டில் இரண்டைக் கழித்தால் பதினாறு. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் பதினாறு பிழை என்றல்லவா நினைத்திருப்பேன்? கூடுதலும் குறைவும் சமமாக இருந்திருந்தால் 9,310 என்று சரியாகக் காட்டிவிட்டு உள்ளே அழுகியிருக்கும்.

எட்டு வந்தவற்றில் எல்லாம் சீரின் நடுவே யாரோ இடைவெளி தட்டியிருந்தார்கள். ஆறு வந்த இரண்டும் என் கைங்கரியம். இரண்டு அடிகளையும் ஒரே வரியாக இணைத்தபோது நான்காம் சீரும் ஐந்தாம் சீரும் ஒட்டிக்கொண்டன. அச்சு நூலைப் பக்கத்தில் வைத்து இருபதையும் திருத்தினேன். 9,310. அன்று இரவு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ‘கௌவை’ என்று தேடினேன். பூச்சியம்.

115-ஆம் அதிகாரம் அலரறிவுறுத்தல். ஊரார் பேசும் பழி, அதாவது கௌவை, அதுதான் அதிகாரமே. அதில் கௌவை இல்லை என்று ஒரு கருவி சொன்னால் நம்ப முடியுமா? கண்ணால் தேடினால் இருக்கிறது, 1147-இல் பளிச்சென்று நிற்கிறது. நகலெடுத்துத் தேடலில் ஒட்டினால் வருகிறது. நான் அடித்தால் வரவில்லை. லிபர் ஆபீஸ் ரைட்டரில் ஒரு வசதி உண்டு. எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அதன் ஒருங்குறி எண் தெரியும், மறுபடி அழுத்தினால் எழுத்தாகிவிடும். அழுத்திப் பார்த்தேன். அது ஔகாரமே இல்லை. எகரத்தின் ஒற்றைக்கொம்பும் அதன் பின்னால் முழு ளகரமும். கெ, ள, வை. பார்வைக்குக் கௌவை, உள்ளே ‘கெளவை’. என் எம்.பில். ஆய்வேட்டிலும் மாற்றி நிரல் வழியாக வந்த அதே நோய். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, அதனால் மாற்றும்போது வேறுபாடு தொலைந்துபோகிறது.

சரி, மாற்றிவிடலாம் என்று ‘கண்டுபிடித்து மாற்று’ பெட்டியில் மேலே ஒற்றைக்கொம்பும் ளவும், கீழே ஔகாரக் குறி. ‘அனைத்தையும் மாற்று’. நிறைய இடங்களில் மாற்றினேன் என்று பெருமிதமாகச் சொன்னது. கௌவையை எண்ணினால் விரல்களுக்குள் அடங்கும், இத்தனை எங்கிருந்து வந்தன? தெளிவு, வெள்ளம், வெளிறு, தெள்ளியர் என்று உண்மையான ளகரம் நின்ற இடங்கள் எல்லாம் சிதைந்திருந்தன. மேலே சொன்ன கழித்தல் கணக்கு இங்கேயும் வேலை செய்திருக்கிறது. ‘தெளி’ என்பது கருவிக்கு ‘தெள’வும் ஒரு சுழியும். செயல்தவிர் விசை மட்டும் இல்லையென்றால் அன்றே ஆய்வைக் கைவிட்டிருப்பேன். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தி, இது மாறட்டும், இது வேண்டாம் என்று கையால் செய்தேன். ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அதற்குப் பிறகு இன்றுவரை அழுத்தவில்லை.

இதேபோல் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று. பட்டியலில் சில சொற்கள் இரண்டு வரிசையில் வந்தன, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. ஆல்ட்-எக்ஸ் மறுபடி. ஒன்றின் நடுவே அகலமே இல்லாத ஒரு பிரிப்பான் ஒளிந்திருந்தது. இன்னொன்றில் ஒகரக் குறி ஒரே எண்ணாக இல்லாமல் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாக இருந்தது. நம் பிள்ளைகள் கையெழுத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் போடுகிறார்கள், கருவியும் அப்படியே நினைத்தால் எப்படிக் குற்றம் சொல்வது?

வரிசைப்படுத்தலில் ஒரு நாள் போயிற்று. கால்க்கில் அகரவரிசை போட்டால் ‘அன்பு’ ‘அமர்’ என்பதற்கு முன்னால் வந்து நின்றது. ‘அறம்’ ‘அவை’க்கு முன்னால். வெகுநேரம் குழம்பினேன், ஏனென்றால் சொல்லின் முதலெழுத்து வரிசையில் பிழையே இல்லை. க, ச, ஞ, த, ந, ப, ம, வ எல்லாம் ஒழுங்கு. இரண்டாம் எழுத்தில்தான் கோளாறு. ஒருங்குறி அட்டவணையில் நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம், கடைசியில் வகரம். நம் நெடுங்கணக்கில் வ, ழ, ள, ற, ன என்றல்லவா முடியும்? றவும் னவும் ழவும் ளவும் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராதவை. அதனால்தான் முதலெழுத்தில் பிழை ஒளிந்துகொண்டது. மொழிமுதல் எழுத்துகள் எவை என்று மனப்பாடமாக இருந்ததால் இந்தக் காரணத்தை நானே கண்டேன், டீச்சருக்கு நான் விளக்கினேன். ஏழு வாரத்தில் ஒரே ஒரு முறை. தீர்வை அவர் சொன்னார்: வரிசைப்படுத்தும் பெட்டியில் விருப்பங்கள் பக்கத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததும் ‘அன்பு’ அடக்கமாகப் பின்னால் போய் நின்றது.

துணைநூற்பட்டியலுக்கு ஜோட்டரோ. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள். நூல் விவரத்தை ஒருமுறை பதிந்து வைத்தால் அடிக்குறிப்பும் பட்டியலும் தானே எழும். நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை என்பதுதான் தொல்லை. முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் ஒரே கட்டமாக மாறும், தலைப்பெழுத்தோடு அப்படியே அடித்துவிடலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கருவி, எம்.பில். காலத்தில் இருந்திருந்தால் என் தலைமுடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

ஒளிவருடிய பழைய உரைப் பதிப்பு ஒன்றை எழுத்துணரியில் போட்டுப் பனுவலாக்கப் பார்த்ததும் உண்டு. அது தோல்வி. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான நூல். லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும், ணா, றா, னா எல்லாம் சுருண்டிருக்கும். அவற்றைக் கருவி எண்களாகவும் நிறுத்தற்குறிகளாகவும் படித்தது. ஒரு பக்கம் திருத்த முக்கால் மணி நேரம். நானூறு பக்கத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

ஆக, சுத்தமான பனுவல், சரியான எண், சரியான வரிசை எல்லாம் கிடைத்தன. 25 பக்கத்தை எழுதத் தொடங்கினேன். நிகழ்வெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனால் ‘பென்ப’ என்று ஒரு சொல். என்ன சொல் அது? 76-ஆம் குறள். ‘அன்புசார்’ ஒரு சீர், ‘பென்ப’ அடுத்த சீர். சார்பு, என்ப என்ற இரண்டு சொல் புணர்ந்து, சீர் பிரிக்கும்போது நடுவே அறுபட்டு நிற்கிறது. 595-இல் ‘வெள்ளத்’, ‘தனைய’. தனைய என்று தமிழில் எந்தச் சொல்லும் இல்லை, இருப்பது அனைய. 1150-இல் ‘வூர்’. ஊர் என்று தேடுகிறவனுக்கு இந்த ஊர் அகப்படாது.

ஏழு வாரமும் நான் துரத்திய 9,310 சீர்களின் எண்ணிக்கை. சொற்களின் எண்ணிக்கை அன்று. யாப்பு நடத்தும்போது வாரம் ஒருமுறை கரும்பலகையில் எழுதுகிறேன், சீர் வேறு சொல் வேறு என்று. கணினித் திரைக்கு முன் உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று. பொது அறிவு வினாடி-வினாப் புத்தகங்களில் குறளில் 14,000 சொற்கள் என்று போட்டிருப்பார்கள். பொய் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சந்தி பிரித்து எண்ணினால் 9,310-ஐ விடக் கணிசமாகக் கூடத்தான் செய்யும். ஆனால் எப்படிப் பிரித்தார்கள், ‘என்ப’வை எண்ணினார்களா, உருபைத் தனியாக எண்ணினார்களா, இடைச்சொல்லை என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் 14,000 என்பதற்கும் என்னுடைய இருபதாயிரத்துச் சொச்சத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. இப்போதைய நெறியாளரை அழைத்து, தலைப்பில் ‘சொல்லடைவு’ என்பதைச் ‘சீரடைவு’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

“மாற்றுங்கள் ஐயா. ஆனால் ஏன் மாற்றினீர்கள் என்பதை ஐந்து பக்கம் எழுதுங்கள். மற்ற இருபது பக்கத்தைவிட அதைத்தான் படிப்பேன்.”

எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ஆய்வேட்டுக்காகச் சந்தி பிரித்த பனுவல் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஒரு வரிக்கு ஒரு குறள், முதல் நெடுவரிசையில் சீர் பிரித்த வடிவம், இரண்டாவதில் சொல் பிரித்த வடிவம், மூன்றாவதில் ஏன் அப்படிப் பிரித்தேன் என்ற குறிப்பு. இதற்கு எந்தக் கருவியையும் நம்பவில்லை, கையால்தான். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று திட்டம். பள்ளி திறந்த பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. நேற்று இரவு 34-ஆம் அதிகாரம், நிலையாமை, முடிந்தது. கோப்பை மூன்று இடத்தில் யு.டி.எஃப்-8-இல் சேமித்திருக்கிறேன்.